பீரங்கி வாயில் பிறந்த தீர்ப்பு



உயிர் பறிக்க அரசுகள் கண்ட முறைகள் பல. கழுமரம் உண்டு, தூக்குமேடை உண்டு, தலை கொய்யும் வாளுண்டு. இவையனைத்தையும் விஞ்சிய கொடுமையொன்று இம்மண்ணில் நூறாண்டுக்கு மேலாக நடந்தது. கைதியைப் பீரங்கியின் வாயோடு சேர்த்துக் கட்டி, மருந்துக்குத் தீயிடுவர். குண்டுகூட வேண்டியதில்லை, வெறும் மருந்தே உடலைச் சிதறடித்துவிடும். முகலாயர் காலத்திலேயே இருந்த முறைதான் இது. ஆனால், அதை அணிவகுப்போடு கூடிய அரசாங்கச் சடங்காக்கியது யார்? நாகரிகம் கற்பிக்க வந்ததாக நவின்ற வெள்ளையராட்சி!

கொல்வதற்கு ஒரு தோட்டா போதாதா? போதும். ஆனால் அவர்கள் நோக்கம் கொல்வது மட்டுமன்று. எரிக்கவோ புதைக்கவோ முழு உடல் கிடைக்கலாகாது. இந்துவுக்கும் இசுலாமியருக்கும் இறுதிச் சடங்கும் இல்லையென்று ஆகவேண்டும். மாண்டவனுக்கு ஒரு நொடி. பார்த்து நின்றவனுக்கோ வாழ்நாள் முழுதும் நடுக்கம். தண்டனை கட்டப்பட்டவனுக்கன்று, கண்டு நின்றவனுக்கு!

1764-இல், பக்சார்ப் போருக்குச் சற்று முன்னர், கட்டளைக்குப் பணியாத 24 சிப்பாய்களுக்குத் தளபதி ஹெக்டர் மன்றோ காலத்தில் இத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களில் நால்வர் முன்வந்து, "போர்க்களத்தில் வலப்புறம் நிற்கும் பெருமை எமது, சாவிலும் அவ்விடமே தருக" என்று வேண்டினர். அச்சுறுத்த எண்ணியவர்கள் கண்டது அஞ்சாமையை!

நம் வேலூரை மறக்கலாமா? நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடி கூடாது, புதுவிதத் தலைப்பாகை அணிந்தே தீரவேண்டும் என்ற ஆணையால் கொதித்தெழுந்த சிப்பாய்கள், 1806 ஜூலை 10 அன்று கோட்டையைக் கைப்பற்றினர். எழுச்சி அடக்கப்பட்டது. அன்றே விசாரணையின்றிச் சுடப்பட்டோர் பலர். பின்னர் விசாரிக்கப்பட்டோரில் 6 பேர் பீரங்கி வாயில் மாண்டனர். 5 பேர் சுடப்பட்டனர். 8 பேர் தூக்கிலிடப்பட்டனர். அதன் பிறகு நடந்தது என்ன? அந்த ஆணை கைவிடப்பட்டது. ஆளுநர் பெண்டிங்க்கும் படைத்தலைவர் கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். தவறு ஆணையினுடையது என்பதை ஆட்சியே ஒப்பியது. ஆனால், சிதறிய உடல்களைச் சேர்த்துத் தர எந்த ஆணையால் முடியும்?

1857 ஜூன் 10. பெஷாவரில் 120 சிப்பாய்களுக்கு மரண தண்டனை. மூவரில் ஒருவர் போதும், மற்றவர்க்குப் பாடமாகட்டும் என்று கணக்கிட்டு, 40 பேரைப் பீரங்கியில் கட்டினர். நீதி எங்கே, தோழர்களே? எண்ணிப் பார்த்து உயிரெடுப்பது நீதியா, கணிதமா?

1872 ஜனவரி 17. பஞ்சாபின் மலேர்கோட்லாவில், கூக்கா இயக்கத்தைச் சேர்ந்த 49 பேரை விசாரணையின்றி, மேலதிகாரியின் ஒப்புதலுக்கும் காத்திராமல் பீரங்கிக்கு இரையாக்கினான் கோவன் என்னும் துணை ஆணையன். மறுநாள் மேலும் 16 பேர். அந்த அரசே வெட்கித் தலைகுனிந்து கோவனைப் பதவி நீக்கியது.

பீரங்கிகள் இன்று காட்சிச்சாலையில் உறங்குகின்றன. கோவனின் வாதம் உறங்கவில்லை. "வழக்கு நீளும், உடனே முடித்துவிடு, ஊர் நடுங்கட்டும்" என்பதே அவ்வாதம். கைதானவன் விசாரணைக்கு முன்பே சுட்டுக் கொல்லப்பட்டான் என்ற செய்தி கேட்டுக் கைதட்டுகிறோமே, அந்தக் கைதட்டலில் ஒலிப்பது யார் குரல்? தூக்குத் தண்டனை நம் சட்டத்தில் இன்னும் இருக்கிறது. பயங்கரவாத வழக்குகள் தவிர மற்றவற்றில் அதை நீக்கலாமென்று 2015-இல் சட்ட ஆணையமே பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டளவில் நிற்கிறது.

நடுங்க வைத்து ஆண்ட வல்லரசு நிலைக்கவில்லை. நியாயம் காட்டி ஆள முடியாதவனே பயம் காட்டி ஆள்வான். தெருமுனைதோறும் இதைச் சொல்லுங்கள்: விசாரணை குற்றவாளிக்கு அளிக்கும் சலுகையன்று, குற்றமற்ற நம் ஒவ்வொருவருக்கும் அமைந்த காவல்!