பல மரம் பார்த்த தச்சன்

(பட்டிமன்றத் தலைப்பு: 'படைப்பாற்றல் மிகுந்த வாழ்வுக்குப் பெரிதும் துணை நிற்பது ஒரே துறையில் ஊன்றிய உழைப்பா? பாட்டு, பயணம், பொழுதுபோக்கு என்னும் பல துறை ஈடுபாடா?' இரண்டாம் அணியின் நிறைவுப் பேச்சு.)

எங்களைத் தோற்கடிப்பது என்று வீட்டிலிருந்தே முடிவு கட்டிக்கொண்டு வந்திருக்கும் எதிரணித் தோழர்களே! கையில் காப்பியோடு தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அன்பர்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மா ஒரு பழமொழி சொன்னாங்க. 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்.' நீங்களும் பலமா கை தட்டினீங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். வாழ்க்கையிலே ஒரே ஒரு மரத்தை மட்டும் பார்த்த தச்சன்கிட்டே வாசல் கதவு செய்யக் கொடுப்பீங்களா? அவன் பார்த்தது முருங்கை மரமா இருந்தா என்ன பண்ணுவீங்க? (சிரிப்பு)

அந்தப் பழமொழி கண்டிப்பது யாரை? பார்த்துக்கொண்டே நிற்கிறவனை. பார்த்துவிட்டு வந்து உளி பிடிக்கிறவனை அல்ல. உழைப்பே வேண்டாம் என்று எங்கள் அணியில் யாரும் சொல்லவில்லை நடுவர் அவர்களே. நாங்கள் என்னமோ நாள் முழுக்க ஊஞ்சலில் ஆடச் சொன்ன மாதிரி அம்மா கோபப்பட்டாங்க.

அடுத்து வந்த தம்பி, நம்ம தாத்தா மேலேயே கை வைத்துவிட்டார். தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையரைச் சொல்கிறேன். 'அவர் இசையை விட்டார், அதனால் ஏடு கிடைத்தது' என்றார். பாதி உண்மை. தாத்தாவின் தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். பதினாறு பதினேழு வயதில் மாயூரத்துக்கு மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் தமிழ் படிக்கப் போனபோது, அதே ஊரில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பாட்டும் கற்றுக்கொண்டார். பிள்ளையவர்களுக்கு அது பிடிக்கவில்லை. நிறுத்திவிட்டார். இதுவரைக்கும் தம்பி சொன்னது சரி. ஆனால் புத்தகத்தை அங்கேயே மூடி வைத்துவிட்டால் எப்படி? பிற்காலத்தில் அதே கோபாலகிருஷ்ண பாரதியாருக்கும், மகா வைத்தியநாதையருக்கும், கனம் கிருஷ்ணையருக்கும் வரலாறு எழுதியது யார்? இசையை நிறுத்திய அதே தாத்தாதானே! வகுப்புக்குப் போவதைத்தான் அவர் நிறுத்தினார். வீட்டுத் திண்ணையில் கேட்ட பாட்டு அவரை விடவில்லை. அவர் 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தார். அரங்கேற்று காதையைப் பாடம் நடத்திப் பாருங்கள், இசை தெரியாத என்னைப் போன்ற வாத்தியார்கள் அங்கே படும் பாடு தெரியும். போன வருஷம் ஒரு மாணவன், 'ஐயா, இதைக் கொஞ்சம் பாடிக் காட்டுங்க'ன்னான். நான் கரும்பலகையைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கிட்டேன். (சிரிப்பு)

சரி, பயணம், இசை, பொழுதுபோக்கு மூன்றும் ஒருவரிடமே இருந்ததா, அதனால் உலகத்துக்கு ஏதாவது கிடைத்ததா என்று நடுவர் கேட்டார். நல்ல கேள்வி. திருவானைக்காவலில் 1888இல் பிறந்த ஒருவரைச் சொல்கிறேன். சர் சி.வி. இராமன்.

தந்தையார் கல்லூரி ஆசிரியர், வீட்டில் வயலின் வாசிப்பார். 1907இல் கைப்பிடித்த மனைவி லோகசுந்தரி அம்மையார் வீணை வாசிப்பார். மேடைக் கச்சேரி இல்லைங்க, வீட்டு இசை. அந்த ஆண்டே கல்கத்தாவில் அரசாங்கக் கணக்குத் துறையில் அதிகாரி வேலை. காலையிலும் மாலையிலும், அலுவலகத்துக்கு முன்னும் பின்னும், பௌபஜார் தெருவில் இருந்த அறிவியல் கழகத்து ஆய்வுக்கூடத்துக்குப் போவார். இது ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பல வருஷம்! கவனியுங்கள். சம்பளம் வாங்கிய வேலை கணக்கு. விஞ்ஞானம்தான் அவருக்குப் பொழுதுபோக்கு! எதிரணி சொன்னபடி 'ஒரே துறையில் ஊன்றி' இருந்தால் நமக்கு ஒரு நல்ல அக்கவுண்டண்ட் ஜெனரல் கிடைத்திருப்பார். (கைதட்டல்)

அந்த ஆய்வுக்கூடத்தில் எதை எடுத்தார் தெரியுமா? ஏக்தாரா, வீணை, தம்புரா, வயலின், மிருதங்கம்! வீட்டில் காதில் விழுந்ததை எல்லாம் அங்கே கொண்டுபோய் வைத்தார். மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கறுப்பாய் ஒரு வட்டம் இருக்கே, வித்துவான்கள் 'சோறு' என்பார்கள், 'கரணை' என்றும் பெயர். சாதாரணத் தோல் வாத்தியத்தைத் தட்டினால் எழும் துணை ஒலிகள் ஒன்றோடொன்று ஒத்துப் போகாது. சத்தம் வரும், சுருதி நிற்காது. அந்தக் கறுப்புச் சோறுதான் தோலின் நடுவில் பாரம் ஏற்றி, துணை ஒலிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்ற கணக்குக்குள் கொண்டுவருகிறது. இதை 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். பெயர் தெரியாத எந்தத் தொழிலாளியோ சோற்றையும் பொடியையும் குழைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கண்டுபிடித்த ரகசியம். அவன் அதைக் காதாலே கண்டான், இவர் கணக்காலே காட்டினார்.

அடுத்த ஆண்டு, 1921. பல்கலைக்கழக மாநாட்டுக்காக இங்கிலாந்து போகிறார். முதல் வெளிநாட்டுப் பயணம். லண்டனில் தூய பவுல் பேராலயத்துக்குப் போனால் நாம் என்ன செய்வோம்? வாசலில் நின்று போட்டோ எடுப்போம். அவர் அங்கே முணுமுணுக்கும் மாடத்தில், சுவர் ஓரமாய்ப் பேசின பேச்சு எதிர்ப்பக்கம் எப்படிக் கேட்கிறது என்று சோதனை பண்ணிக்கொண்டிருந்தார்!

திரும்பும்போது நார்க்குண்டா என்ற கப்பல். மத்தியதரைக் கடல். நீலம்! கப்பலில் இருந்த எல்லாரும்தான் பார்த்தார்கள். கடல் நீலம் என்பது வானத்து நீலத்தின் பிரதிபலிப்பு என்று ராலே பிரபு சொல்லியிருந்தார், பெரிய மேதை. இராமன் பையில் ஒரு சின்ன நிக்கல் பட்டகம் வைத்திருந்தார். குறிப்பிட்ட சாய்வில் அதன் வழியே பார்த்தால் நீர்ப்பரப்பில் பிரதிபலிக்கும் வெளிச்சம் அணைந்துவிடும். பார்த்தார். வானத்தின் பிம்பம் போய்விட்டது. நீலம் போகவில்லை! அப்படியானால் அது கடலின் சொந்த நீலம், தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன. பம்பாய்த் துறைமுகம் வந்ததுமே 'நேச்சர்' இதழுக்கு எழுதி அனுப்பினார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு ஏழு ஆண்டுகள் சிதறொளி ஆராய்ச்சி. 1928 பிப்ரவரி 28இல் இராமன் விளைவு. 1930இல் நோபல் பரிசு.

எதிரணி அம்மா உடனே எழுதிக்கிறாங்க பாருங்க, 'ஏழு ஆண்டு உழைப்பு'ன்னு. எழுதிக்குங்கம்மா. அந்த ஏழு ஆண்டு உழைப்புக்குக் கேள்வி எங்கே கிடைத்தது? மேசையிலா? கப்பல் மேல்தளத்தில்!

இன்னொருவர். இவர் எதிரணிக்கு ரொம்ப வேண்டியவர். தம்பி கூட மேற்கோள் காட்டினார். சார்லஸ் டார்வின். படிக்க அனுப்பினால் வண்டு பிடிக்கப் போவார். ஒரு நாள் மரப்பட்டையை உரித்தால் இரண்டு அரிய வண்டு. கைக்கு ஒன்றாகப் பிடித்தாயிற்று. மூன்றாவதாக ஒன்று ஓடுகிறது. விட மனசில்லை. கையில் இருந்த ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்! அது உள்ளே காரமாய் ஏதோ பீய்ச்ச, துப்பினார், அது போச்சு, மூன்றாவதும் போச்சு. (சிரிப்பு) நம்ம வீட்டுப் பிள்ளை இப்படிச் செய்தால் வேப்பிலை அடிச்சிருப்போம். 1831இல் பீகிள் கப்பலில் போகிறேன் என்றபோது அப்பா வேண்டாம் என்றார். மாமா வந்து பேசிச் சரிக்கட்டினார். 1836 வரைக்கும் பயணம். அந்த வண்டும் அந்தக் கப்பலும் இல்லை என்றால் பரிணாமக் கொள்கை ஏது?

வயதான பிறகும் தினம் இரவு மனைவி எம்மாவோடு பகடை உருட்டி ஆடும் பேக்கமன் இரண்டு ஆட்டம் உண்டு. கணக்கும் எழுதி வைப்பார். 1876இல் நண்பருக்குக் கடிதம் எழுதுகிறார்: அவள் ஜெயித்தது 2490, நான் 2795! உலகத்தையே புரட்டிப் போட்ட விஞ்ஞானி, பெண்டாட்டியை ஜெயிச்சதைக் கடல் தாண்டி அமெரிக்காவுக்கு எழுதுறார் ஐயா! (சிரிப்பு) எம்மா பியானோ வாசிப்பார். டார்வின் மண்புழு ஆராய்ச்சி செய்தபோது புழுக்களுக்குக் கச்சேரியே நடந்தது. விசில் ஊதினார்கள், பஸ்ஸூன் என்ற பெரிய குழலை ஊதினார்கள், பியானோ பக்கத்தில் வைத்து உரக்க வாசித்தார்கள். புழு அசையவில்லை. தொட்டியைத் தூக்கிப் பியானோ மேலேயே வைத்துக் கீழ்ச் சுரத்தைத் தட்டினார்கள். சட்டென்று வளைக்குள் போய்விட்டது. புழுவுக்குக் காது கிடையாது, அதிர்வு தெரியும். வீட்டில் பியானோ இருந்ததால் இது தெரிந்தது.

ஆனால் நடுவர் அவர்களே, அதே 1876இல் தம் பிள்ளைகளுக்காக எழுதிய தன்வரலாற்றில் இன்னொன்றும் சொல்கிறார். இளமையில் கவிதை படித்து மகிழ்ந்தவன், இன்று ஒரு வரி படிக்க முடியவில்லை, ஷேக்ஸ்பியரே குமட்டுகிறது, படத்தையும் இசையையும் சுவைக்கும் ருசியும் போய்விட்டது, மனம் உண்மைகளை அரைத்து விதிகளாக்கும் எந்திரம் போல ஆகிவிட்டது என்கிறார். மறுபடி வாழக் கிடைத்தால் வாரம் ஒரு முறையாவது கொஞ்சம் கவிதை, கொஞ்சம் இசை என்று விதி வைத்துக்கொள்வேன் என்கிறார். இதைச் சொல்கிறவர் தோற்றுப் போனவர் இல்லை. ஜெயித்தவர்! அதனால்தான் எனக்கு அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது.

(மணி ஒலி)

ஒரே நிமிஷம் ஐயா. எங்க அப்பா ஆரம்பப்பள்ளி ஆசிரியர். பழைய ஆர்மோனியம் ஒன்று யாரிடமோ வாங்கி வந்தார். சாயங்காலம் திண்ணையில் அவர் வாசிப்பார், அம்மா பாடுவாங்க. அம்மாவுக்குச் சுருதி சேராது. யாரும் கை தட்டினதில்லை, யாரும் எழுந்து போனதும் இல்லை. அந்தப் பெட்டியில் என் மகள் தானாகவே கற்றுக்கொண்டாள். அவள் பத்தாவது வந்தபோது, 'ஒரு வருஷம்தாம்மா'ன்னு சொல்லி அதைத் தூக்கிப் பரணில் வைத்தவர் யார்? அன்றைக்குத் தம்பி பேசின இதே பேச்சை வீட்டில் பேசிய நான்தான். பத்தாவது போய் பன்னிரண்டாவது வந்தது, பிறகு பொறியியல், பிறகு வேலை. நல்ல மதிப்பெண், நல்ல சம்பளம். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இரண்டு மாசம் முன்னாடி வெளிநாட்டிலிருந்து பேசினாள். 'அப்பா, ஞாயித்துக்கிழமை வந்தா எனக்குப் பயமா இருக்குப்பா. என்ன செய்யறதுன்னே தெரியலை'ன்னா. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், 'அந்தப் பெட்டி இன்னும் இருக்கா?'ன்னு கேட்டா.

இருந்தது. இறக்கிப் பார்த்தேன். துருத்தியை எலி கடிச்சிருக்கு. நாலைந்து கட்டை பேசவே இல்லை. வர்ற தை மாசம் ஊருக்கு வர்றா.

ஐயா, தீர்ப்பை நீங்க எந்தப் பக்கம் சொன்னாலும் சரி. நாளைக்குக் காலையில் நான் அந்தப் பெட்டியை எடுத்துக்கிட்டுப் பழுது பார்க்கிறவர்கிட்டே போறேன்.

(நீண்ட கைதட்டல்)