பாட்டும் பக்கத்து வீடும்
(வானொலியில் ஆற்றிய மறையுரை)



நவம்பர் 22-ஆம் நாள், புனித செசிலியாவின் திருநாள். ஊரில் பலருக்கு இது தெரியாது. பாடகர் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். அன்று மாலைத் திருப்பலி முடிந்ததும் அவர்களுக்கு வடையும் டீயும் உண்டு, பங்குத்தந்தை நாலு வார்த்தை பாராட்டிப் பேசுவார். நானும் குருவாகி இத்தனை ஆண்டுகளாக அந்த நாலு வார்த்தையைப் பேசி வந்திருக்கிறேன். ஆனால் அந்தப் புனிதையின் கதையைக் கவனமாகப் படித்தது வெகு காலம் கழித்துத்தான்.

உரோமையில் வாழ்ந்த இளம்பெண் செசிலியா. தன்னை ஆண்டவருக்கே கையளித்துவிட்டவர். பெற்றோர் திருமணம் ஏற்பாடு செய்துவிட்டார்கள். திருமண நாளன்று இசைக்கருவிகள் முழங்கிக்கொண்டிருக்கின்றன, அவரோ தன் உள்ளத்துக்குள்ளே கடவுளை நோக்கி மட்டும் பாடிக்கொண்டிருக்கிறார். மறைசாட்சியரைப் பற்றிய பழைய மரபுக் கதை இது. எல்லாமே இப்படியே நடந்தது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இசைக்கருவிகளை வாசித்தவர்கள் வேறு யாரோ. இசைக்குப் பாதுகாவலியாகத் திருச்சபை வைத்திருப்பவர் பாடிய பாட்டு, பக்கத்தில் இருந்தவர்கள் காதிலேகூட விழவில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு துக்கவீடு தேவைப்பட்டது. அதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன்.

12 ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் பங்குத்தந்தையாக இருந்தேன். மாதா திருவிழா. கொடியேற்றி ஐந்தாம் நாள் இரவு. நவநாள் திருப்பலி முடிந்து, அன்பியங்களுக்கு இடையே பாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. கோவில் கோபுரத்தில் நாலு திசைக்கும் நாலு குழாய் ஒலிபெருக்கி, கீழே ஆள் உயரத்துக்கு பாக்ஸ். ஒன்பதரை மணி இருக்கும். கோவிலுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கும் ஒருவர் என்னைத் தேடி வந்தார். இந்துக் குடும்பம். நாற்பது வயது இருக்கும். அவருடைய தாயார் புற்றுநோயில் படுத்திருந்தார், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அது எனக்கும் தெரியும்.

அவர் பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. "ஃபாதர், எங்க வீட்டைப் பாத்து இருக்கிற அந்த ஒரு குழாயை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பச் சொல்ல முடியுமா? அம்மா ரொம்ப முனகுறாங்க" என்றார். அவ்வளவுதான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னும் அரை மணி நேரந்தான் தம்பி, முடிஞ்சிடும்." கோபுரத்தில் இந்த நேரத்தில் ஆள் ஏற்ற முடியாது என்று காரணம் வேறு சொன்னேன். குழாயின் ஒயரைக் கழற்றிவிடலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை. அல்லது தோன்றவிடவில்லை. போட்டி முடியும்போது மணி பதினொன்றேகால்.

விடிகாலை நாலு மணிக்கு அந்தத் தாய் இறந்துபோனார். ஐந்தரைக்கு எங்கள் கோவில்பிள்ளை வழக்கம்போல் மைக்செட்டைப் போட்டார். பக்திப் பாடல் தொடங்கியது. பாட்டுக்கு நடுவே ஒப்பாரிச் சத்தம் கேட்டுத்தான் எனக்கு விஷயமே புரிந்தது. ஓடிப்போய் அணைத்துவிட்டு அந்த வீட்டுக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்தார். ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு, "உக்காருங்க ஃபாதர்" என்றார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும்.

அன்று மாலை நவநாள் மறையுரைக்கு நான் தயாரித்து வைத்திருந்தது அன்னை மரியாவின் புகழ்ப்பாடலைப் பற்றி. அதை என்னால் பேச முடியவில்லை. ஆமோஸ் இறைவாக்கினரின் நூலை எடுத்தேன். அதன் ஐந்தாம் அதிகாரத்தில், உங்கள் பாடல்களின் இரைச்சலை என்னைவிட்டு அகற்றுங்கள், உங்கள் யாழின் இசையை நான் கேட்கமாட்டேன் என்ற பொருளில் ஆண்டவர் பேசுகிறார். அதற்கு அடுத்தபடி, நீதி வெள்ளமாய்ப் பெருகி ஓடட்டும் என்கிறார். குருமடத்தில் இந்தப் பகுதியைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். வடநாட்டு அரசின் செல்வச் செழிப்பு, ஏழைகளை ஒரு சோடி காலணிக்கு விற்ற கொடுமை, எல்லாம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்த 'இரைச்சல்' என்ற சொல் என் கோவில் கோபுரத்தைக் குறிக்கும் என்று எந்தப் பேராசிரியரும் சொல்லித்தரவில்லை.

ஆறாம் அதிகாரத்தில் இன்னும் கூர்மையாக வருகிறது. தாவீதைப் போலப் புதுப்புது இசைக்கருவி கண்டுபிடிக்கிறீர்கள், ஆனால் யோசேப்பு வீட்டின் அழிவைக் குறித்து உங்களுக்குக் கவலையில்லை என்ற குற்றச்சாட்டு. கருவியில் குற்றமில்லை, பாட்டிலும் குற்றமில்லை. பக்கத்தில் ஒருவன் அழிந்துகொண்டிருப்பது தெரியாமல் பாடுவதுதான் குற்றம்.

நாட்டின் சட்டமும் ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சென்னையில் ஒரு கிறிஸ்தவ சபையின் ஒலிபெருக்கியைப் பற்றி அக்கம்பக்கத்தார் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000 ஆகஸ்ட்டில் தீர்ப்பு. பிறருடைய அமைதியைக் கெடுத்து வழிபாடு செய்யவேண்டும் என்று எந்தச் சமயமும் சொல்லவில்லை என்பது அதன் சாரம். அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி, இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. 'அவர்கள் போடுகிறார்களே, நாம் மட்டும் ஏன் நிறுத்தவேண்டும்?' என்று பங்குப் பேரவையில் ஒருவர் கேட்பார். எல்லாப் பங்குப் பேரவையிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவருக்கு நான் சொல்லும் பதில்: நாம் முதலில் நிறுத்தினால் பிறரிடம் கேட்க வாயாவது இருக்கும்.

இதைக் கேட்டுவிட்டு, பாட்டை நாலு சுவருக்குள் பூட்டிவைக்கச் சொல்கிறார் சாமியார் என்று நினைத்துவிடாதீர்கள். திருச்சபையின் பாட்டு தெருவுக்கு வந்த நேரங்கள் உண்டு. 386-ஆம் ஆண்டு மிலான் நகரில், சிறுவயதுப் பேரரசனின் தாய் யுஸ்தினா, ஆரியப் பதிதக் கொள்கையாளருக்கு ஓர் ஆலயத்தைக் கேட்டார். ஆயர் அம்புரோஸ் மறுத்துவிட்டார். படைவீரர்கள் சூழ்ந்தார்கள். மக்கள் தங்கள் ஆயரோடு சாகவும் தயாராக ஆலயத்துக்குள்ளேயே கண்விழித்துக் கிடந்தார்கள். அந்தக் கூட்டத்தில் புனித மோனிக்காவும் இருந்தார். மக்கள் சோர்ந்து துவண்டுவிடாமல் இருக்க, கிழக்குத் திருச்சபைகளின் வழக்கப்படி எல்லாரும் சேர்ந்து பாடும் முறையை அங்கே தொடங்கியதாக அவர் மகன் அகுஸ்தினார் எழுதிவைத்திருக்கிறார். ஒலிபெருக்கி இல்லை, வாத்தியம் இருந்ததாகவும் அவர் சொல்லவில்லை. பயந்துபோன ஜனங்களின் குரல்தான்.

அதே அகுஸ்தினார் இன்னொரு இடத்தில் தன்னையே விசாரித்துக்கொள்கிறார். பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் என்னை அதிகமாக அசைத்துவிட்டால், நான் பாவம் செய்தேன் என்கிறார். அப்போது பாட்டைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறதாம். ஆனால் மனமாற்றத்தின் தொடக்கத்தில் அந்தப் பாடல்களைக் கேட்டுத் தான் சிந்திய கண்ணீரை நினைத்து, பாட்டு இருக்கட்டும் என்றே முடிக்கிறார். இவ்வளவு பெரிய மறைவல்லுநர் இப்படித் தடுமாறியிருப்பது எனக்கு ஒருவிதத்தில் ஆறுதல்.

நம் மண்ணில் ஒருவர் இருந்தார். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. பிரதாப முதலியார் சரித்திரம் எழுதியவர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவர் கத்தோலிக்கர் என்பது நம் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கே தெரிவதில்லை. தேவமாதா அந்தாதி பாடியவர். எந்தச் சமயத்தவரும் பாடும்படி ஒரே கடவுளை நோக்கிச் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றினார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டில் கொடும் பஞ்சம். பஞ்சம் தீர வேண்டுமென்று கீர்த்தனை பாடினார். பாடிவிட்டு வீட்டுக்குள் போய் உட்காரவில்லை. தன் பொருளைச் செலவழித்துக் கஞ்சித் தொட்டி வைத்தார். அதைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார், நந்தனார் சரித்திரம் பாடிய அதே சிவபக்தர், வேதநாயகரைப் புகழ்ந்து ஒரு பாடல் இயற்றினார். ஒரு கிறிஸ்தவரின் பாட்டும் கஞ்சியும் சேர்ந்து போய் ஒரு சைவரின் வாயில் பாட்டாகத் திரும்பி வந்திருக்கிறது. அவருடைய கீர்த்தனைகளை இன்றும் கச்சேரி மேடைகளில் பாடுகிறார்கள்.

சரி, நம் ஞாயிறு திருப்பலிக்கு வருவோம்.

இப்போது நான் இருக்கும் பங்கில் பாடகர் குழு நல்ல குழு. கீபோர்டு, பேடு, கிட்டார், எல்லாம் உண்டு. பாட்டு வரிகள் திரையில் வரும். சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு, நற்கருணை வழங்கத் தொடங்கும் நேரம், மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. பாட்டி ஒருவர் பின்னாலிருந்து பழைய பாட்டு ஒன்றை எடுத்தார், ஊரே சேர்ந்து பாடியது என்று சொல்லத்தான் ஆசை. அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒருவரும் பாடவில்லை. திரை இல்லை, அதனால் வரிகள் தெரியாது. கீபோர்டு இல்லை, அதனால் சுருதி தெரியாது. குழுவிலிருந்த பிள்ளைகளே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். செருப்பில்லாக் கால்கள் வரிசையில் நகரும் சத்தம் மட்டும் கேட்டது. எண்ணூறு பேர் இருந்த ஆலயம்!

குற்றம் பிள்ளைகளுடையது அல்ல. கீபோர்டுடையதும் அல்ல. 1903-இல், இதே செசிலியா திருநாளன்று, திருத்தந்தை புனித பத்தாம் பத்திநாதர் திரு இசையைப் பற்றி ஓர் ஆணை வெளியிட்டார். ஆலயத்தில் பியானோ கூடாது, டிரம் போன்ற இரைச்சல் கருவிகள் கூடாது என்பது அதில் உண்டு. அந்த அளவுகோலை வைத்தால் எங்கள் பங்கு வாசலிலேயே தோற்றுவிடும். அறுபது ஆண்டு கழித்து, 1963 டிசம்பர் 4-இல் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்புக் கொடுக்கச் சொன்னது. ஆர்மோனியமும் தபேலாவும் பீடத்துக்கு அருகே வந்து உட்கார்ந்ததற்கு அது வழி திறந்தது. ஆனால் அந்த ஏட்டில் திரும்பத் திரும்ப வருவது வாத்தியப் பேச்சு அல்ல. மக்கள் எல்லாரும் உணர்வோடு பங்கெடுக்கவேண்டும் என்பதுதான்.

1967 மார்ச் 5-இல் வந்த வழிமுறை ஏடு ஒரு வரிசையே தருகிறது. திருப்பலியில் எதையெல்லாம் முதலில் பாடவேண்டும்? குருவும் மக்களும் மாறி மாறிச் சொல்லும் வாழ்த்தும் பதிலும், தொடக்கவுரை, தூயவர், ஆண்டவர் கற்றுத்தந்த செபம் முதலியவை. வருகைப் பாடலும் நன்றிப் பாடலும் அந்த முதல் படியில் இல்லை. நாமோ அதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். எது முதலில் பாடவேண்டியதோ அதை அவசரமாக வாசித்துவிடுகிறோம். காணிக்கைப் பாடலுக்கு முன்னிசை, இடையிசை எல்லாம் வைத்து, காணிக்கை முடிந்த பிறகும் குரு பீடத்தில் காத்து நிற்கிறார். இதில் முதல் குற்றவாளி நானே. எனக்குக் குரல் வளம் கிடையாது. அந்த வெட்கத்தில் இருபது ஆண்டு தொடக்கவுரையைப் பாடாமலே ஓட்டிவிட்டேன். நான் பாடாவிட்டால் மக்கள் யாருக்குப் பதில் பாடுவார்கள்?

அந்த மின்வெட்டுக்குப் பிறகு ஒரு சிறு ஏற்பாடு. மாதத்தில் ஒரு ஞாயிறு, மின்சாரம் இருந்தாலும், கருவியும் திரையும் இல்லாமல் பாடுகிறோம். முதல் மாதம் கேட்கச் சகிக்கவில்லை. கீபோர்டு வாசிக்கும் தம்பி என்னிடம் கோபமாக வந்து, "எங்களை வேண்டாங்கிறீங்களா ஃபாதர்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. இப்போது அவன்தான் அந்த ஞாயிறுகளில் முன்னால் நின்று மக்களுக்குச் சுருதி எடுத்துக் கொடுக்கிறான். இன்னும் கொஞ்சம் முறைப்பு உண்டு, இருக்கட்டும்.

அந்தத் துக்கவீட்டைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மறு ஆண்டும் நான் அதே பங்கில்தான் இருந்தேன். குழாய்களை இறக்கிவிட்டோம். தேர் பவனி அந்தத் தெரு வழியாகத்தான் போகவேண்டும். பத்து வீட்டுக்கு முன்பே பேண்டு வாத்தியத்தையும் பாட்டையும் நிறுத்தச் சொல்லியிருந்தேன். தேர் சத்தமில்லாமல் அவர் வீட்டைக் கடந்துகொண்டிருந்தது. அவர் வாசலில் நின்றிருந்தார். என்னைக் கூப்பிட்டார். "ஏன் ஃபாதர் பாட்டை நிறுத்திட்டீங்க?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்: "அம்மா நல்லா இருக்கிறப்போ இந்தத் திண்ணையில உக்காந்து உங்க மாதா பாட்டைத்தான் கேட்டுட்டு இருப்பாங்க. அன்னிக்குச் சத்தம்தான் தாங்கல."

தேரை நிறுத்தச் சொன்னேன். மைக் இல்லாமல், அந்தத் திண்ணைக்கு முன்னால், ஒரு பாட்டு பாடினோம். நானும் பாடினேன்.