களா நோன்பு பெண்ணுக்கு மட்டும் உள்ள பாரமா?
(ஷஃபான் மாதக் குடும்பக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



அல்லாஹ்வின் அருளால் ஷஃபான் பிறந்துவிட்டது. நோன்புக் கஞ்சிக்கு யார் அரிசி தருவது என்ற பேச்சு தொடங்கிவிட்டது. அதற்கு முன் ஒரு கணக்கு இருக்கிறது. போன ரமலானில் மாதவிடாயால் விடுபட்ட நோன்புகளில் நம் வீட்டுப் பெண்களுக்கு எத்தனை பாக்கி? ஆண்கள் தலையைக் குனிந்துகொள்ள வேண்டாம். மதரஸாவில் உஸ்தாது முன்னால் உட்கார்ந்து நாம் ஓதிய பாடம்தானே இது!

ஹைளுடைய நாட்களில் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. பிறகு நோன்பை மட்டும் களாச் செய்ய வேண்டும், தொழுகையை அல்ல. ஆயிஷா (ரலி) அவர்களின் இந்த அறிவிப்பு முஸ்லிமில் வருகிறது. தினம் ஐந்து வேளை வரும் தொழுகையைத் திருப்பித் தொழுவது பெரும் சிரமம், நோன்போ வருடத்தில் ஒரு மாதம்தான் என்று உலமாக்கள் விளக்குவார்கள்.

மஃரிபுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது உதிரம் கண்டாலும் அன்றைய நோன்பு முறிந்துவிடும். மனம் உடைய வேண்டியதில்லை. ஹஜ்ஜுக்குப் போகும் வழியில், ஸரிஃப் என்ற இடத்தில், இதே காரணத்தால் அழுத ஆயிஷா நாயகியை நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. ஆதமுடைய பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்தது இது என்று ஆறுதல்தான் சொன்னார்கள்.

சுப்ஹுக்கு முன்பே சுத்தமாகிவிட்டால் நிய்யத் வைத்து நோன்பு பிடிக்கலாம். குளிப்பு பாங்குக்குப் பின் ஆனாலும் நோன்பு கூடும், சுப்ஹுத் தொழுகை தவறக் கூடாது. ஷாஃபி மத்ஹபில் 15 நாள், ஹனஃபியில் 10 நாள் தாண்டிய உதிரம் ஹைளு அல்ல, நோய். அப்போது நோன்பும் தொழுகையும் உண்டு. டாக்டரிடமும் காட்டுங்கள்.

இனி வீட்டு விஷயம். வாப்பா பார்ப்பார், காக்கா கேட்பார் என்று அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். சிலர் அதுவும் இல்லாமல் மஃரிப் வரை பட்டினி. நோன்பு இல்லாத நாளில் பட்டினி கிடப்பது இபாதத் ஆகாது. "ஏன் நோன்பு இல்லை?" என்று பெண்பிள்ளையிடம் கேட்கிற வழக்கத்தை ஆண்கள் விட்டுவிட வேண்டும்.

ரமலான் முடிந்த பிறகு சஹருக்கு எழுப்ப ஆளில்லை. அவள் தனியாக எழுந்து, இருப்பதைச் சாப்பிட்டு, பகலில் மற்றவர்களுக்கு மூன்று வேளையும் ஆக்கிப் போடுகிறாள். களா ஏன் தள்ளிப்போகாது? ஆயிஷா (ரலி) அவர்களுக்கே ஷஃபானில்தான் வாய்த்தது. ஆனால் காரணமில்லாமல் அடுத்த ரமலானைத் தாண்டவிட்டால் ஷாஃபியில் களாவோடு நாளுக்கு ஒரு முத்து அரிசி ஏழைக்குக் கொடுக்க வேண்டும். ஹனஃபியில் களா மட்டும். சுன்னத்தான நோன்புக்குத்தான் கணவரின் சம்மதம் தேவை. நாள் நெருங்கிவிட்ட களாவை அவர் தடுக்க முடியாது. அந்த நாட்களில் மதியச் சாப்பாட்டை ஆண்கள் பார்த்துக்கொண்டால் என்ன?

நிய்யத்தை இரவிலேயே வைத்துவிடுங்கள். பாக்கி நாட்களை இன்றே காலண்டரில் குறியுங்கள். பெண்கள் பகுதியில் ஆலிமா அமர்ந்திருக்கிறார். கேட்கக் கூச்சமானால் பெயர் போடாமல் சீட்டில் எழுதிக் கொடுங்கள், இஷாவுக்குள் பதில் சொல்வார். வஸ்ஸலாம்.