பச்சிளம் குழந்தையின் தலை பெரிதாகத் தெரிந்தால்

(தாய்-சேய் நலக் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

நான் மருத்துவன் அல்ல. உதவி கேட்டு வரும் மனுக்களைப் படிக்கிறவன். தலையில் நீர் கோத்த குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை என்று வருகிறவர்களிடம் விசாரித்தால், "பிறந்தபோதே தலை கொஞ்சம் பெரிசுதான்" என்பார்கள். கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அளந்து எழுதி வைத்ததில்லை.

மாதம் நிறைந்து பிறந்த பிள்ளையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 34, 35 செ.மீ. இருக்கும். ஆண் பிள்ளைக்கு 37, பெண் பிள்ளைக்கு 36 செ.மீ.க்கு மேல் போனால் மருத்துவரிடம் காட்டுங்கள். உடனே நோய் என்று பதற வேண்டாம். வாப்பாவுக்குக் கடையில் தொப்பி அளவு கிடைக்காதென்றால் பிள்ளைக்கும் அந்தத் தலை வரலாம். அதனால்தான் மருத்துவர் பெற்றோர் தலையையும் அளக்கிறார். சிரிக்காதீர்கள், அதுவும் பரிசோதனைதான்.

பிரசவத்தில் உண்டாகும் சாதாரணத் தலைவீக்கம் சில நாளில் வடிந்துவிடும். எனவே அகீகாவுக்கு முடி இறக்கும் 7ஆம் நாள் அளக்கத் தோதானது. தொய்யாத நாடாவைப் புருவத்துக்கும் காதுக்கும் மேலாக, பின்மண்டையின் புடைத்த இடத்தைச் சுற்றிப் பிடியுங்கள். மூன்று முறை அளந்து, கூடுதலான அளவைத் தேதியோடு எழுதுங்கள். முதல் 3 மாதம் மாதத்துக்குச் சுமார் 2 செ.மீ., அடுத்த 3 மாதம் 1 செ.மீ. வளரும். பெரிய தலை இந்தக் கணக்கிலேயே வளர்ந்து, பிள்ளையும் நன்றாகப் பால் குடித்து விளையாடினால் பெரும்பாலும் ஆறுதல்தான். சாதாரணத் தலை வாரத்துக்கு 1 செ.மீ.க்கு மேல் ஏறினால் அதுதான் ஆபத்து.

பிள்ளை அழாதபோதும் உச்சிக்குழி புடைத்து நிற்பது, கருவிழி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிவது, ஓயாத வாந்தி, பால் குடிக்காமல் துவள்வது, வலிப்பு, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். ஓதி ஊதுகிறவர்கள் ஊதட்டும், தாவீஸ் கட்டுகிறவர்கள் கட்டட்டும். அதற்காக ஒரு வாரம் தள்ளிப்போடுவதை நான் ஒப்பமாட்டேன்.

அங்கே உச்சிக்குழி வழியாகவே ஸ்கேன் எடுப்பார்கள். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. நீர் கோத்து அழுத்தம் ஏறியிருந்தால், பல பிள்ளைகளுக்கு மெல்லிய குழாய் வைத்து அந்த நீரை வயிற்றுக்குள் இறக்குகிறார்கள். தாமதித்தால் நீரின் அழுத்தத்தில் மூளை நசுங்கும். பிறகு குழாய் வைத்தாலும் இழந்தது முழுதாகத் திரும்புவதில்லை. ஆகவே பணம் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டிவிட்டு மனுவை எழுதுங்கள்.

வாசலில் மேசைமீது அளவு நாடாக்கள் வைத்திருக்கிறோம். கைப்பிள்ளை உள்ள வீட்டுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். மனுவோடு வருகிறவர்கள் அளவு எழுதிய தாளையும் கொண்டு வாருங்கள்.