குத்தகைக் காரும் குடும்பக் கணக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இயலும் இசையும் நாடகமும் முழங்க வேண்டிய இம்மேடையில் மோட்டார்க் காரைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். நாமும் முதலில் அவ்வாறே தயங்கினோம். ஆயினும் சென்ற சில மாதங்களாக நம் காலனியில் மாலை வேளைகளில் நால்வர் கூடினால் எழும் பேச்சு எது? "கார் வாங்கவா, லீசுக்கு எடுக்கவா?" என்பதே அன்றோ! பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பை நாடித் தலைநகர் வந்த நமக்குக் கையிருப்பே காவல். அதற்குக் கேடு சூழக்கூடிய ஒரு செய்தியைப் பேசுவதும் சங்கத்தின் பணியே என்று செயற்குழு பணித்தது, இசைந்தோம்.

குத்தகை என்னும் சொல் நமக்குப் புதியதன்று. காவிரிக் கரையில் நம் முன்னோர் குத்தகைக்கும் வாரத்திற்கும் நிலம் உழுதனர். வாரம் என்றால் விளைந்ததில் பங்கு. குத்தகை என்றால் மழை பெய்தாலும் பொய்த்தாலும் பேசிய நெல்லை அளந்தாக வேண்டும். கார்க் குத்தகையும் அத்தகையதே. வண்டி நாள்தோறும் ஓடினாலும், மாதம் முழுதும் வாசலில் நின்றாலும், பேசிய தொகையைக் கட்டியே தீரவேண்டும். வேறுபாடு ஒன்று உண்டு. நிலம் தேயாது, கார் தேயும். அத்தேய்மானத்தின் விலையையே நாம் பெரும்பாலும் மாதந்தோறும் செலுத்துகிறோம்.

மாதத் தொகை எவ்வாறு பிறக்கிறது? வண்டியின் இன்றைய விலை ஒன்று. குத்தகை முடியும் நாளில் அதற்கு இருக்கும் என்று குத்தகை நிறுவனம் மதிப்பிடும் விலை மற்றொன்று. பின்னதை எஞ்சுமதிப்பு என்போம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொகையை மாதங்களால் வகுத்தால் தேய்மானம் கிடைக்கும். அதன்மேல் நிறுவனம் போட்ட முதலுக்கு வட்டி, காப்பீடு, பழுது பார்க்கும் செலவு, நிறுவனத்தின் ஆதாயம், சரக்கு சேவை வரி ஆகியவை ஏறுகின்றன. ஆதலின், மாதத் தொகை குறைவாக இருக்கிறதே என்று மகிழுமுன், எஞ்சுமதிப்பு எவ்வளவு என்று கேட்டல் வேண்டும். எஞ்சுமதிப்பை உயர்த்திக் காட்டினால் மாதத் தொகை தானே இறங்கும். ஆனால் முடிவில் அவ்வண்டியை நாமே வாங்க விரும்பினால், அந்த உயர்ந்த விலையை அன்று கொடுக்க நேரும். முன்வாசலில் விட்டதைப் பின்வாசலில் வாங்கிக்கொள்ளும் வித்தை இது.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். எளிதில் விளங்கும்பொருட்டு நாமே அமைத்துக்கொண்ட எண்கள் இவை. சாலைக்கு வந்து சேரும்போது ரூ. 12 லட்சம் ஆகும் ஒரு கார்; காலம் 4 ஆண்டு. குத்தகைக்கு எடுத்தால், காப்பீடும் பராமரிப்பும் வரியும் சேர்ந்து மாதம் ரூ. 28,000 என்று கொள்வோம். 48 மாதத்திற்கு ரூ. 13,44,000. முடிவில் கையில் கார் இல்லை.

சொந்தமாக வாங்கினால், முன்பணம் ரூ. 2,40,000. மீதி ரூ. 9,60,000-க்கு நூற்றுக்கு 9 வட்டியில் கடன் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 23,900. 48 தவணைகளும் முன்பணமும், மாதம் ரூ. 3,500 வீதம் காப்பீடு பராமரிப்பும் சேர்ந்து ரூ. 15,55,200 ஆகிறது. 4 ஆண்டு கழித்து வண்டியை ரூ. 4,80,000-க்கு விற்றால், நிகரச் செலவு ரூ. 10,75,200. முன்பணத்தை வங்கியில் இட்டிருந்தால் வந்திருக்கும் வட்டி சுமார் ரூ. 70,000. அதையும் கூட்டினால் ரூ. 11,45,200. ஆக, குத்தகையில் கூடுதலாகச் செல்வது ஏறத்தாழ 2 லட்சம். மாதத்திற்கு நாலாயிரத்துச் சொச்சம்.

இந்த நாலாயிரம் வீண் என்று நாம் கூறவில்லை. விற்கும் தொல்லை இன்மை, முன்பணம் வேண்டாமை, விலை வீழ்ச்சியின் அச்சம் இன்மை ஆகிய மூன்று வசதிகளுக்கு அது விலை. அவ்வசதி நமக்குத் தேவையா என்பதே கேள்வி. தேவையில்லாதவர் அவ்விலையைக் கொடுப்பானேன்?

மாதச் சம்பளக்காரர்க்கு மட்டும் இக்கணக்கு வேறு முகம் காட்டுகிறது. சில அலுவலகங்கள் தாமே காரைக் குத்தகைக்கு எடுத்து ஊழியரிடம் ஒப்படைத்து, அத்தொகையைச் சம்பளத்தில் வருமான வரிக்கு முன்னரே கழிக்கின்றன. வருமான வரியின் புதிய முறையில் 2025-26 நிதியாண்டு முதல் ரூ. 24 லட்சத்திற்கு மேற்பட்ட வருவாய்ப் பகுதிக்கு வரி நூற்றுக்கு 30. அதன்மேல் நூற்றுக்கு 4 கூடுவரி. அப்படிப்பட்டவர் ஆண்டுக்கு ரூ. 3,36,000 குத்தகை கொடுத்தால், மிச்சமாகும் வரி ரூ. 1,04,832. 4 ஆண்டில் 4 லட்சத்திற்கும் மேல்! கார் வசதிக்கென்று விதிகள் வகுத்துள்ள மாத மதிப்பைச் சம்பளத்துடன் கூட்டி, அதற்குரிய வரியைச் செலுத்திய பின்னரும் குத்தகையே மலிவாக நிற்கலாம். குறைந்த வரிப் படியில் இருப்போர்க்கு இந்த ஆதாயம் அந்த அளவிற்குச் சுருங்கும்.

இதில் ஓர் எச்சரிக்கை. வண்டி அலுவலகப் பணிக்கும் சொந்தப் பணிக்கும் சேர்ந்து பயன்படும்போதுதான் அச்சலுகை. முழுவதும் சொந்தப் பணிக்கே ஓடினால், அலுவலகம் செய்த செலவு முழுமையும் நம் வருவாயில் கூட்டப்படும். ஆகையால் வரிச் சலுகை உண்டு என்று தரகர் சொன்னதைக் கேட்டுக் கையெழுத்திடாமல், அலுவலகக் கணக்குப் பிரிவில் நேரில் கேட்டுத் தெளிதல் வேண்டும்.

இங்கே எங்கள் இல்லத்தின் அனுபவம் ஒன்றைக் கூற வேண்டியுள்ளது. சொல்லக் கூச்சமாகவே இருக்கிறது. எனினும் பிறர்க்குப் பாடமாகட்டும் என்று சொல்கிறோம். 4 ஆண்டுக் குத்தகையில் அலுவலக வழியே ஒரு கார் எடுத்தோம். மாதத் தொகையைப் பத்து முறை கூட்டிக் கழித்துப் பார்த்தோம். வண்ணத்தை வீடு முழுதும் கூடித் தேர்ந்தோம். ஒப்பந்தத்தின் பின்பக்கங்களை மட்டும் ஒருவரும் படிக்கவில்லை. 20-ஆம் மாதத்தில் ஐதராபாத்தில் நல்ல வேலை ஒன்று வாய்த்தது. மகிழ்ந்தோம். பழைய அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. புதிய அலுவலகம் குத்தகையை ஏற்க வேண்டும். அல்லது கணக்கிட்ட விலையைக் கொடுத்து வண்டியை வாங்க வேண்டும். அல்லது ஆறு மாத வாடகையைத் தண்டமாகச் செலுத்தி வண்டியைத் திருப்ப வேண்டும். புதிய அலுவலகத்தில் குத்தகைத் திட்டமே இல்லை. வாங்கப் பணம் இல்லை. தண்டம் கட்டினோம். மகளின் கல்லூரி முதலாண்டுக் கட்டணத்திற்கென்று ஒதுக்கி வைத்திருந்த தொகை அது. அவ்வாண்டு அவள் படிப்பு நகையின்மேல் கடன் வாங்கித் தொடங்கியது. ஒப்பந்தத்தில் எழுதாத எதையும் அவர்கள் கேட்கவில்லை. எழுதியதைப் படிக்காத குற்றம் எங்களுடையது.

ஆகவே, இவ்வுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறவாதீர்கள். குத்தகையின் நன்மை தீமை அதன் தொடக்கத்தில் தெரிவதில்லை, முடிவில்தான் தெரியும். அதிலும் நாம் யார்? மாற்றல் ஆணை ஒன்று வந்தால் மூன்று வாரத்தில் மூட்டை கட்டும் குடும்பங்கள். ஊர் மாறும் வாழ்வினர்க்கு விலகும் விதியே முதல் விதி.

ஊர் மாற்றத்தில் மற்றொரு செலவும் ஒளிந்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்திற்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதுப் பதிவெண் பெறுதல் வேண்டும். புதிய மாநிலத்தின் சாலை வரி, பழைய பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று என்று அலைச்சலும் செலவும் உண்டு. சொந்த வண்டி வைத்திருக்கும் மைய அரசு, மாநில அரசு, பொதுத்துறை ஊழியரும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியரும் 2021-இல் வந்த 'பி.எச்.' வரிசைப் பதிவைப் பெற்று இத்தொல்லையைத் தவிர்க்கலாம். குத்தகை வண்டியாயின், வேறு மாநிலத்திற்குக் கொண்டு செல்லலாமா, மறுபதிவின் செலவு யாருடையது என்பதை எழுத்தில் பெறல் வேண்டும்.

பதிவுப் பலகையையும் கவனித்தல் நலம். சில திட்டங்களில் வெள்ளைப் பலகையுடன் நம் பெயரிலேயே வண்டி பதிவாகும். சிலவற்றில் வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டும் வண்டிகளுக்குரிய கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். எப்பலகையாயினும், குத்தகை ஒப்பந்தத்தின்கீழ் வண்டியைக் கைவசம் வைத்திருப்பவரையே 1988-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாளர் என்று வரையறுக்கிறது. "வண்டி நிறுவனத்தினுடையது, நமக்கென்ன?" என்று இருத்தல் தகாது. காப்பீடு நடப்பில் உள்ளதா என்று ஆண்டுதோறும் நாமே பார்த்துக்கொள்வது அறிவுடைமை.

அவ்வாறாயின் குத்தகை யாருக்குத்தான் ஏற்றது? பழைய வண்டியின் விலை நிலைகொள்ளாத இடத்தில் அது ஏற்றது. தலைநகர் வட்டாரத்தையே பாருங்கள். 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2018-இல் அதை நிலைநிறுத்தியது. 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம், அவ்வண்டிகளின் உரிமையாளர்மேல் கடும் நடவடிக்கை வேண்டாம் என்று இடைக்கால ஆணை தந்தது. விதி இவ்வாறு ஊசலாடும்போது பழைய வண்டிக்கு என்ன விலை என்று யார் உறுதி கூறுவர்? 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குள் அடங்கும் சிறு கார்களுக்கு வரி நூற்றுக்கு 18 ஆக இறங்கியது. பெரிய கார்களுக்கு நூற்றுக்கு 40 என்று ஆயிற்று. புது வண்டியின் விலை இறங்கினால் பழையதன் விலையும் உடன் இறங்கும். சொந்தக்காரர் அந்த நட்டத்தைத் தாங்குகிறார். காலம் முடிந்து வண்டியைத் திருப்பித் தருபவர் அதை நிறுவனத்தின் தோளில் விட்டு விடுகிறார்.

மின்சாரக் கார்களுக்கு வரி நூற்றுக்கு 5 மட்டுமே. ஆனால் மின்கலத் தொழில் நுட்பம் விரைந்து மாறுவதால், நான்கு ஆண்டுக்குப் பின் அவற்றின் மறுவிலையைக் கணிப்பது அரிது. அத்தகைய வண்டியைக் குத்தகைக்கு எடுத்துப் பழகிப் பார்ப்பது தவறாகாது. எட்டுப் பத்து ஆண்டு ஒரே வண்டியை வைத்து ஓட்டும் நம் பெரும்பாலான குடும்பங்களுக்கோ, தவணை முடிந்தபின் கட்டணமின்றி ஓடும் சொந்த வண்டியே சிக்கனம்.

குத்தகையே தக்கது என்று துணிந்தவர்க்கு நல்ல பேரம் பேசும் வழி என்ன? முதலில் காரின் விலையைப் பேசுங்கள். குத்தகையைப் பிறகு பேசுங்கள். ஆண்டு முடிவில் விற்பனையாளர் அவ்வாண்டில் உற்பத்தியான வண்டிகளைத் தள்ளுபடியில் கொடுப்பது வழக்கம். அத்தள்ளுபடி குத்தகைக் கணக்கின் முதலில் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே வண்டிக்கு, ஒரே காலத்திற்கு, ஒரே கிலோமீட்டர் அளவிற்கு மூன்று நிறுவனங்களிடம் எழுத்தில் விலை கேளுங்கள். அளவுகள் வேறாயின் விலைகளை ஒப்பிடுதல் இயலாது.

கையெழுத்திடுமுன் ஐந்து வினாக்களுக்கு விடை பெறுங்கள்.

ஒன்று: வைப்புத்தொகை முதல் கடைசி மாதம் வரை மொத்தம் எவ்வளவு?

இரண்டு: எஞ்சுமதிப்பு எவ்வளவு? அவ்விலைக்கு வாங்கும் உரிமை நமக்கு உண்டா?

மூன்று: ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர்? மிகுந்தால் கிலோமீட்டருக்கு என்ன தண்டம்? கோடையில் ஒருமுறை காரிலேயே ஊருக்குப் போய் வந்தால் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிடும் என்பதை நினைவிற் கொள்க.

நான்கு: திருப்பித் தரும்போது எத்தகைய கீறலும் நெளிவும் இயல்பான தேய்மானமாகக் கொள்ளப்படும்? வண்டி வந்த அன்றே நான்கு புறமும் படம் எடுத்து வைத்துக்கொள்க.

ஐந்து: வேலை போனால், ஊர் மாறினால், உயிருக்கே இடர் நேர்ந்தால், குடும்பத்தார் எவ்வளவு செலுத்தி விலகலாம்?

ஐந்தாம் வினாவிற்கு விடை வாயளவில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கார் நாளைக்கும் கிடைக்கும்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். நம் சங்கத்தில் சட்டம் பயின்றோர் உளர். கணக்குத் தணிக்கை வல்லாரும் உளர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சங்க நூலக அறையில் அவர்கள் ஒரு மணி நேரம் அமர்ந்தால், ஒப்பந்தம் கையெழுத்திட இருக்கும் குடும்பத்தார் அதனைக் கொண்டுவந்து படிக்கச் செய்து கேட்கலாம். எங்கள் இல்லத்தின் ஒப்பந்தத்தை அன்று ஒருவர் படித்துச் சொல்லியிருந்தால், மகளின் படிப்பு அடகுக் கடையில் தொடங்கியிராது. வேற்றூரில் ஒருவர்க்கொருவர் துணை நிற்கவே இச்சங்கம் கண்டோம். அத்துணை இதிலும் நிற்கட்டும் என்று வேண்டுகிறோம்.