பாலு மகேந்திராவும் கட்டி முடியாத வீடும்



மாமாங்கேஸ்வரர் ஆலயத்தால் பெயர்பெற்றது மட்டக்களப்பு வாவியை அண்டிய அமிர்தகழிக் கிராமம். 1939 மே 20இல் அங்கு பிறந்த மகேந்திரன்தான், பின்னாளில் பாலு மகேந்திராவாகத் தமிழ்த் திரையுலகில் அழியாத இடம் பெற்ற கலைஞர். நமது புனித மிக்கேல் கல்லூரி மாணவர். இலங்கையில் நடந்த டேவிட் லீனின் படப்பிடிப்பொன்றைப் பள்ளிப் பருவத்தில் கண்டதே தம்மைச் சினிமாவின்பால் ஈர்த்தது என்று அவர் கூறியதுண்டு.

பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று தங்கப் பதக்கம் பெற்றார். 1974இல் 'நெல்லு' என்ற மலையாளப் படத்தின் ஒளிப்பதிவாளராக அறிமுகமானார். 1977இல் கன்னடத்தில் நெறிப்படுத்திய முதற்படமான 'கோகிலா'வும், 1982இல் வெளிவந்த 'மூன்றாம் பிறை'யும் ஒளிப்பதிவுக்கான இந்திய தேசிய விருதை அவருக்கு ஈட்டித் தந்தன.

இங்கே அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு குறையும் கூடவே எழும். "நம்முடைய துயரை அவர் ஏன் படமாக்கவில்லை?" என்பதே அது. நியாயமான ஆதங்கந்தான். 1979இல் வந்த 'அழியாத கோலங்கள்' தமது வளரிளம் பருவ நினைவுகளில் பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆயினும் அப்படத்திலும் நம் வாவியைக் காண முடியாது.

ஆனால் 1988இல் வெளியான 'வீடு' படத்தை நாம் மறந்துவிடலாகாது. சென்னையில் வாடகை வீட்டைக் காலிசெய்ய நேர்ந்த சுதா என்னும் பெண், கடன்பட்டு, நகை விற்று ஒரு வீடு கட்ட முனைகிறாள். ஒப்பந்தக்காரன் ஏய்க்கிறான். கட்டி முடியாத அவ்வீட்டின் சுவர்களைத் தடவிப் பார்த்து மகிழ்ந்த முதிய தாத்தா, திரும்பும் வழியில் உயிர் துறக்கிறார். ஈற்றில் அந்த நிலமே அரசுக்குரியது என்கிறார்கள். பாடல் இல்லை, ஆவேச வசனம் இல்லை. இயல்பான வெளிச்சத்தில் ஓர் எளிய மனுஷி மெல்ல மெல்லத் தோற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

1990இல் ஊர்விட்டு ஓடியவர்களுக்கும், 2004இல் கடலுக்கு வீட்டைப் பறிகொடுத்தவர்களுக்கும், திரும்பி வந்து காணி உறுதியுடன் கந்தோர் கந்தோராக அலைந்தவர்களுக்கும் இக்கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நம்மைப் பற்றி எடுக்கப்படாத படந்தான். எனினும் அந்தத் தாத்தாவின் கை தடவுவது நம் வீட்டுச் சுவரையுந்தான். துயரை உரத்துச் சொல்லாமல், ஒரு கல், ஒரு மூட்டைச் சீமெந்து, ஒரு கையொப்பம் எனக் கணக்கிட்டுக் காட்டுவது பெரிய கலை. நம் இளம் எழுத்தாளர்கள் அவரிடம் கற்க வேண்டியதும் அதுவே.

தமிழ்ச் சிறுகதைகளைத் தொலைக்காட்சிக்குக் 'கதை நேரம்' எனக் கொணர்ந்தவர், பாலா, வெற்றிமாறன் போன்றோரை உருவாக்கியவர், 2014 பெப்ரவரி 13இல் சென்னையில் காலமானார்.

அவர் எம்மவர் என்று பெருமை கொள்வதில் தவறில்லை. ஆனால் வாவிக்கரை மனிதரின் கதையை அவர் விட்டுச் சென்றுவிட்டாரே என்று ஏங்கிக்கொண்டிருப்பதால் ஆவது ஒன்றுமில்லை. அந்தக் கதையை எழுதவும் எடுக்கவும் வேண்டியவர்கள், இங்கே இருக்கும் நாம்தாம்.