காசுப் பானையா, குழந்தையா?

நடுவர் அவர்களே! "காசு இருந்தா எல்லாம் இருக்கு"ன்னு எதிரணி நண்பர் அடித்துப் பேசிவிட்டுப் போனார். அவரை இத்தாலியில் உள்ள பாம்பெய் நகரத்துக்கு அழைச்சுட்டுப் போறேன். டிக்கெட் செலவு அவரோடது! (சிரிப்பு)

கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை மூடிய ஊர். அந்தத் தெருவில் நடந்து பார்த்தேன். வண்டிச் சக்கரம் தேய்த்த தடம் கல்லில் அப்படியே இருக்கு! ஓரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. மேடையில் பதித்த பானைக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காசுகள் கிடைத்தன. முதலாளியைத்தான் காணோம்!

அதே ஊரில் ஒரு வீடு. தங்கக் காப்பு அணிந்த ஒருவர், மடியில் குழந்தை. சாம்பலில் பதிந்த உருவங்கள். தாயும் பிள்ளையும் என்றே நினைத்தார்கள். 2024-இல் வெளியான டி.என்.ஏ. ஆய்வு என்ன சொல்லுது? அவர் ஆண், குழந்தைக்கும் அவருக்கும் ரத்த சம்பந்தமே இல்லை!

"கையில் தங்கம் இருந்ததே" என்பார் எதிரணி நண்பர். இருந்துச்சுங்க, உதவலையே! யார் பெத்த பிள்ளையோ, கடைசி நேரத்தில் மடியில் இருந்தது அந்தக் குழந்தைதான். பாசமே பெரிதென்று தீர்ப்புச் சொல்லுங்கள். (கைதட்டல்)